தலிடோமைட்டும் தொழுநோயாளரும்

ஒரு மருந்து பரிசோதிக்கப்பட்டது என்று கூறும்பொழுது, யாருடைய உடலில் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. தலிடோமைட்டின் வரலாறு இவ்வகையில் நோக்கற்பாலது.

மேற்கு ஜேர்மனியின் கிறூனென்தால் நிறுவனம் 1957 இல் இதனைத் தீங்கற்ற உறக்க மருந்தாகச் சந்தைக்கு விட்டது. கருவிலுள்ள சிசுவை இது எவ்வாறு பாதிக்குமென முறையாக ஆராயப்படவில்லை. அந்தச் சோதனையைச் சந்தையே நடத்தி முடித்தது. 1961 நவம்பரில் ஜேர்மனியில் விற்பனை நிறுத்தப்பட்டது. உறுப்புக் குறைகளுடன் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது.

தொழுநோயாளர் சிலருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலே தூண்டப்பெற்று, தோலில் செந்நிறக் கணுக்கள் எழும். காய்ச்சலும் நரம்பு வீக்கமும் தொடரும். மாதக்கணக்கில், சிலரில் ஆண்டுக்கணக்கில், இவ்வேதனை மீண்டும் மீண்டும் வரும். 1964 இல் ஜெருசலேமின் தொழுநோய் மருத்துவமனையில், இவ்வேதனையால் உறக்கமிழந்த ஒருவருக்கு யாக்கோப் ஷெஸ்கின் என்ற வைத்தியர் கையிருப்பிலிருந்த தலிடோமைட்டைக் கொடுத்தார். உறக்கமே அவர் வேண்டியது. சில நாட்களுள் கணுக்களும் நோவும் தணிந்தன. மருந்தை நிறுத்தியதும் திரும்பின. ஆறு நோயாளர் பற்றிய அவதானிப்பை அவர் 1965 இல் வெளியிட்டார். பின்னர் கொன்வித் என்பாருடன் சேர்ந்து, மருந்து எது, போலி மாத்திரை எது என நோயாளரும் வைத்தியரும் அறியாவண்ணம் சோதித்து, 1969 இல் முடிவுகளை வெளியிட்டார். ஷெஸ்கினைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆயினும், பெருந்தொகையானோர் விழுங்கிய காலத்தில் இம்மருந்துக்குக் கிட்டாத முறையான பரிசோதனை, சமுதாயம் ஒதுக்கிவைத்தோரின் உடல்களிலேயே நிகழ்ந்தது என்பதை மறத்தல் இயலாது.

தொழுநோய் வறியோரின் நோயாகவே நிலைத்த பிறேசிலில், அதனைத் தணிக்க வழங்கப்பட்ட இம்மருந்தால் 1965 இன் பின்னரும் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். பொதியிலிருந்த, குறுக்குக்கோடிட்ட கர்ப்பிணியின் படத்தைக் கருத்தடை மாத்திரைக்கான அடையாளமெனச் சிலர் விளங்கிக்கொண்டனர். எழுத்தறிவு மறுக்கப்பட்டோரிடம் எச்சரிக்கையும் இவ்வாறே சென்றடைகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் 1998 இல் இத்தோல் வேதனைக்கெனவே செல்ஜீன் நிறுவனம் அனுமதி பெற்றது. அங்கு தொழுநோயாளர் மிகச் சிலரே. இலாபம் வந்தது புற்றுநோயாளரிடமிருந்து. சிசுக்களைக் காக்க விதிக்கப்பட்ட விநியோகக் கட்டுப்பாடுகளைச் சாட்டாக்கி, மலிவு மருந்து தயாரிப்போருக்கு மாதிரிகளை விற்க மறுத்ததாக, 2014 இல் மைலன் நிறுவனம் செல்ஜீன்மீது வழக்குத் தொடர்ந்தது. 2019 இல் இரு நிறுவனங்களும் தமக்குள் இணக்கம் கண்டன.