தாளில் இருந்த வீரன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்தபோது ஒரு வீரனின் மொத்த வாழ்க்கையும் ஒரே தாளில் அடங்கியது. பலம் 16, உயிர்ப்புள்ளி 7, ஒரு வாள், கொஞ்சம் பொற்காசு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் ஆட்டம். வேறு வீட்டுக்கு ஆடப் போனால் தாளை மடிச்சு பாக்கெட்டில் வச்சுக்கலாம். அதைப் படிக்க யார் அனுமதியும் வேண்டாம்.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்த எளிமைதான் முதலில் போச்சு.

2000-இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ‘ஓப்பன் கேம் லைசென்ஸ்’ வெளியிட்டது. அடிப்படை விதிகளை யாரும் எடுத்தாளலாம். பெரிய தாராளம்தான். ஆனால் கொடுத்தது மனிதர் படிக்கும் உரை, மென்பொருள் படிக்கும் தரவு இல்லை. பிசிஜென் என்ற திறமூல மென்பொருளின் தன்னார்வலர்கள் அந்த விதிகளை உட்கார்ந்து டெக்ஸ்ட் ஃபைல்களாக மாற்றினார்கள். மற்றவர்கள் அதே வேலையைத் தங்கள் வடிவத்தில் மறுபடி செய்தார்கள்.

சதுரங்கத்தில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? 1993 வாக்கில் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த பிஜிஎன் வடிவத்தை இன்றும் ஏறக்குறைய எல்லா செஸ் மென்பொருளும் படிக்கும். அங்கே விதி மாறாது, நகர்வை எழுதினால் போதும். இங்கே ஒவ்வொரு புதுப் புத்தகமும் பழைய விதிக்கு ஒரு விதிவிலக்கு சேர்க்கும். வீரனை எழுதணும்னா அவன் உலகத்தின் விதிகளையும் எழுதணும். இது நிஜமாகவே கஷ்டம். கோட் எழுதுகிறவனாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கஷ்டம் மட்டுமே காரணமில்லை. நான்காம் பதிப்பின் அதிகாரபூர்வ ‘கேரக்டர் பில்டர்’ முதலில் நம் கம்ப்யூட்டரில் நிறுவும் மென்பொருளாக இருந்தது. வீரனை எக்ஸ்எம்எல் ஃபைலாகச் சேமித்தது. நோட்பேடில் திறந்தே படிக்கலாம். 2010-இல் அதன் இடத்தில் சில்வர்லைட்டில் ஓடும் சந்தா சேவை வந்தது. சில்வர்லைட் வழக்கொழிந்தது, 2020 தொடக்கத்தில் சேவையும் மூடப்பட்டது.

2023 ஜனவரியில் பழைய லைசென்ஸையே முடக்கும் வரைவு ஒன்று கசிந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டது. உண்மையான வெற்றிதான். ஆனால் கைக்கு வந்தது ஒரு பிடிஎஃப். அதைத் தரவாக்கும் வேலை மறுபடி யாரோ ஒரு தன்னார்வலர் தலையில்.

உரிமம் திறந்திருந்தால் மட்டும் போதாது, ஃபைலும் திறக்கணும். அடுத்த முறை ஒரு செயலியில் வீரனை உருவாக்கும்போது முதலில் எக்ஸ்போர்ட் பட்டன் எங்கே இருக்குன்னு பாருங்க. இல்லையா? அவனை ஒரு தாளில் எழுதி வச்சிடுங்க.