வருங்காலத்துக்கு விலை வைத்தவர்கள்

புதிய தொழில்நுட்பம் எதுவாக இருந்தாலும் 'இன்னும் பத்தே ஆண்டில் வந்துவிடும்' என்று மேடையில் முழங்குகிறவரை நான் நம்புவதில்லை. எந்தத் தேதிக்குள் வரும், வரவில்லை என்று தீர்மானிப்பது யார் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய காலத்தில் பொருளாதார அறிஞர் ராபின் ஹான்சனைப் பற்றி மாணவர்களிடம் விடாமல் பேசியது இதற்காகத்தான்.

1989-இல் சாதாரண வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவை நிகழ்த்திவிட்டதாக அமெரிக்காவின் யூட்டாவில் இரண்டு வேதியியலாளர்கள் அறிவித்தார்கள். அறிவியல் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. அந்தச் சர்ச்சையையே எடுத்துக்காட்டாக வைத்து ஹான்சன் ஒரு யோசனை சொன்னார். அந்த அறிவிப்பு உண்மையானால் ஒரு டாலர் தரும் சீட்டை விற்பனைக்கு விடுங்கள். அது 20 சென்டுக்குக் கைமாறினால், விவரம் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இருபது வாய்ப்புதான் தருகிறார்கள் என்று பொருள்.

1994-இல் கனடாவின் கால்கரியைச் சேர்ந்த சிலர் இந்த யோசனையை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். உண்மைப் பணம் கிடையாது, விளையாட்டுப் பணம்தான். ஆனால் ஒவ்வொரு கணிப்புக்கும் தெளிவான வாசகம், முடிவுத் தேதி, தீர்ப்பு சொல்ல ஒரு நடுவர் என்று ஒழுங்கு வைத்தார்கள். 1995-இல் ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா விருது அவர்களுக்குக் கிடைத்தது. பின்னாளில் ஃபோர்சைட் எக்ஸ்சேஞ்ச் என்று பெயர் பெற்ற இந்தச் சந்தையின் விலைகள் நடப்புடன் நன்றாகவே பொருந்தின என்று 2001-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது.

எனக்கு இன்னும் பிடித்த கதை ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்துடையது. 1996 முதல் 1999 வரை பொருளாதார அறிஞர்கள் கே-யுட் சென், சார்லஸ் பிளாட் இருவரும் அங்கே சின்னச் சின்னச் சந்தைகள் நடத்தினார்கள். வரவிருக்கும் ஒரு மாதத்தின் விற்பனை எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்த எண்ணிக்கையைப் பல இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. விற்பனை, நிதிப் பிரிவு ஊழியர்கள் மதிய உணவு வேளையிலும் மாலையிலும் வாங்கி விற்றார்கள். நிறுவனத்தின் அதிகாரபூர்வ மதிப்பீட்டுடன் ஒப்பிட முடிந்த 8 முறைகளில் 6-இல் சந்தைதான் உண்மைக்கு அருகில் நின்றது. கூட்டத்தில் மேலதிகாரி முன்னால் வாய் திறக்கத் தயங்கும் ஊழியர் தான் அறிந்ததைச் சீட்டு விலையில் சொல்லிவிட முடியும். இதன் அருமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

2005-இல் யாகூவும் ஓ'ரெய்லி பதிப்பகமும் சேர்ந்து தொடங்கிய 'டெக் பஸ் கேம்' நேரடியாகத் தொழில்நுட்பப் போக்குகளையே சந்தையாக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள்கூடப் பங்குகளாக விற்கப்பட்டன. ஆனால் அவற்றின் மதிப்பை யாகூ தேடலில் எத்தனை பேர் தேடினார்கள் என்பதே முடிவு செய்தது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது வேறு, எது நிலைக்கும் என்பது வேறு. அளவுகோலைத் தேர்ந்தெடுத்ததில்தான் இந்த முயற்சி பலவீனமானது என்பது என் கருத்து.

பணம் கட்டினால்தான் கணிப்பு கூர்மையாகும் என்பார்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, 208 அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு உண்மைப் பணச் சந்தையையும் விளையாட்டுப் பணச் சந்தையையும் ஒப்பிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சரியாகக் கணித்திருந்தன. கணிப்பு பழக ஆசைப்படும் பிள்ளைகளே, பணம் கேட்கும் செயலிகளின் பக்கம் போகாதீர்கள். ஒரு நோட்டில் கணிப்பையும் தேதியையும் எழுதி, நடுவராக ஒரு நண்பரை வைத்துக்கொள்ளுங்கள்.