லினக்ஸ் கெர்னலும் நீண்டகாலக் காப்பும்

மின்னியக்கக் கணிப்பொறி இந்திய மண்ணில் முதன்முதலாகக் கால்கொண்ட நகரம் நாம் குடிபுகுந்து வாழும் இக் கொல்கத்தாவே. 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த எச்.இ.சி.-2எம் என்னும் பொறி, பேராசிரியர் மகலனோபிஸ் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் கழகத்தில், பராநகரில் அமைக்கப்பெற்றது. 1966இல் அக்கழகமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் கூடி, இஸிஜு-1 என்னும் பொறியைத் தாமே சமைத்தன. இன்றோ, நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் இத்துறையிலேயே பணிபுரிகின்றனர். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் ‘எல்.டி.எஸ். கெர்னல்’ என்னும் சொல்லின் வரலாற்றைப் பெரியோர்க்கும் விளங்குமாறு எழுத முற்பட்டோம்.

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் அதில் ஓடும் நிரல்களுக்கும் நடுவே நின்று, நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுத் தரும் உள்ளீடான பகுதியே கெர்னல். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்திலும் குடிகொண்டுள்ளது. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் பாரத இயங்குதளத்துக்கும் அதுவே அடிப்படை.

எழுதப்பட்ட நிரலில் பிழை இருக்கும். பிழை இருக்குமிடத்தில் கள்வன் நுழைவான். ஆதலின் வெளியிட்ட பதிப்பைத் தொடர்ந்து செப்பனிட ஒருவர் வேண்டும். தொடக்க காலத்தில் இதற்குத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. இரட்டைப்படை எண்ணுடைய பதிப்பு நிலையானது, ஒற்றைப்படை எண்ணுடையது சோதனைக்குரியது என்பது அந்நாளைய வழக்கு. 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4 வரிசையை அவ்வாண்டு இறுதியில் பிரேசில் நாட்டு மார்செலோ டொசாட்டி ஏற்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு! பின்னர் பிரெஞ்சுக்காரர் வில்லி தாரோ அதைக் கைக்கொண்டார். ஏறத்தாழப் பத்தாண்டு அவ்வரிசை உயிர்வாழ்ந்தது.

2.6 வரிசையில் முறை மாறியது. இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரலாயிற்று. 2005இல் கிரெக் குரோவா-ஹார்ட்மனும் கிறிஸ் ரைட்டும் நிலைப்பதிப்புகளைச் செப்பனிடும் பணியைத் தொடங்கினர். ஆயினும் அடுத்த பதிப்பு வந்ததும் முந்தியது கைவிடப்படும். மருத்துவக் கருவியையோ வங்கிப் பொறியையோ மூன்று திங்களுக்கொருமுறை மாற்ற எவரால் இயலும்? இக்குறை தீர, 2006இல் வெளியான 2.6.16 பதிப்பை நெடுநாள் காப்பதாக ஏட்ரியன் பங்க் தாமே முன்வந்து, 2008 வரை காத்தார். 2009 டிசம்பரில் வந்த 2.6.32 பதிப்பை டெபியன், ரெட் ஹாட், உபுண்டு முதலிய வெளியீட்டார் பலரும் தத்தம் தளத்துக்குத் தேர்ந்தனர். பலரும் ஒன்றையே பயன்படுத்தியதால் செப்பனிடும் உழைப்பும் பொதுவாயிற்று. அப்பதிப்பு 2016 வரை நீடித்தது.

இதன் பயன் கண்ட கிரெக், 2011இல் ஒரு நெறி வகுத்தார்: ஆண்டுக்கு ஒரு பதிப்பைத் தேர்ந்து ஈராண்டு காப்பது. 3.0 பதிப்பு அந்நெறியில் முதலாவது. செப்பத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. டோர்வால்ட்ஸின் மூலத்தில் முன்னரே சேர்ந்த திருத்தமே பழைய பதிப்புக்கு வரலாம். அது உண்மையான பிழையைத் தீர்க்க வேண்டும். புதுமை எதுவும் நுழையலாகாது.

ஆண்டுக்கு ஐந்தாறு பதிப்புகள் வரும்போது எதைத் தேர்வது? பெரும்பாலும் அவ்வாண்டின் கடைசிப் பதிப்பே தேர்வாகிறது. அதுவே மற்றவற்றினும் மேலானது என்பது பொருளன்று. 2016இல் 4.9 பதிப்பே தேர்வாகுமென்று முன்னரே அறிவித்தபோது, பந்தி முடியுமுன் இலைக்கு ஓடுவோரைப் போல எல்லாரும் தத்தம் நிரல்களை அதில் திணிக்க முனைந்தனர். அதுகாறும் வந்தவற்றுள் மாற்றங்கள் மிக்க பதிப்பாக அது முடிந்தது. அறிவிப்பே கேடாகக்கூடும் என்பதை அன்று கண்டனர்.

உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியத்தைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. உறுப்பினர் பணிக்காலம் 360 நாள். ஏரியை வெட்டுவது ஒருநாட் புகழ். அதைக் காப்பதற்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும். கெர்னலின் நிலையும் இதுவே என்பது எம் கருத்து. நீண்டகாலம் என்னும் பட்டம் பதிப்பின் உள்ளேயிருந்து பிறப்பதன்று. காப்பேன் என்று ஒருவர் சொல்வதாலும், சோதித்துத் தருவோம் என்று பலர் துணைநிற்பதாலுமே கிட்டுகிறது.

கைபேசித் தொழிலில் இது பெருஞ் சிக்கலாயிற்று. சில்லு செய்வோர் ஒரு பதிப்பைத் தெரிந்து வேலை தொடங்கி, கைபேசி கடைக்கு வருமுன்னரே ஈராண்டு கழிந்துவிடும். வாங்கிய அன்றே அநாதையான கெர்னல்! இதைக் கருதி 2017இல், 4.4 பதிப்பு ஆறாண்டு காக்கப்படும் என்று கூகுள் தரப்பினர் அறிவித்தனர். ஆயினும் ஆறாண்டு எல்லாவற்றுக்கும் தாமே கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் வெளியான 5.10 பதிப்புக்கு முதலில் குறித்தது ஈராண்டே. யார் பயன்படுத்துகிறீர்கள், யார் சோதித்து உதவுவீர்கள் என்று 2021இல் கிரெக் வினவினார். நிறுவனங்கள் உதவ முன்வந்த பின்னரே, 2026 டிசம்பர் வரை காலம் நீட்டப்பெற்றது.

ஒருவர் ஒரே காலத்தில் ஆறு பழைய பதிப்புகளைத் தூக்கிச் சுமப்பது எளிதன்று. சாஷா லெவின் துணைநின்றும் சுமை குறையவில்லை. மிகப் பழையவற்றைப் பயன்படுத்துவோரும் அருகினர். 2023 செப்டம்பரில் ஸ்பெயினின் பில்பாவோ மாநாட்டில், இனி ஈராண்டே வழக்கமான காலம் என்ற செய்தி வெளியாயிற்று. அது கேட்டு நொந்தவர் பலர். இலவசமாக வாங்கி இலாபம் ஈட்டுவோர் செப்பனிடும் ஆளுக்குக் கூலி தர மறந்தனர் என்பதை அவர்கள் எண்ணினாரில்லை.

பாலம் போன்ற பொருள்களுக்கு ஆறாண்டும் போதாது. 1943இல் திறந்த நம் ஹௌராப் பாலத்துக்கு இன்றும் வண்ணம் பூசுகின்றனர் அல்லவா? மின்னிலையம், இரயில்வே முதலியவற்றிலுள்ள கணிப்பொறிகளுக்காக, ஹிட்டாச்சி, சீமென்ஸ், டோஷிபா முதலிய நிறுவனங்கள் 2016இல் ‘குடிமை உட்கட்டமைப்புத் தளம்’ என்னும் கூட்டணியை அமைத்தன. தம் செலவில் ஆளமர்த்தி, அதே 4.4 பதிப்பை அவை முதலில் ஏற்றன. 2022 பிப்ரவரியில் கிரெக் அதைக் கைவிட்ட பின்னும், 2027 ஜனவரி வரை காப்பதாகக் கூட்டணியார் நாள் குறித்தனர்.