சேதுக்கரையின் கல்மலர்கள்

இராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 17 கி.மீ. தொலைவில் கடலோரமாக அமைந்துள்ளது கீழக்கரை. அவ்வூரின் பெரிய ஜும்ஆப் பள்ளிவாசலுக்குள் முதன்முறையாக நுழைபவர் சற்றே திகைத்து நிற்பார். எதிரே வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள். அவற்றின் சதுரமும் பட்டையும் மாறிமாறி வரும் அமைப்பும், தூணின் உச்சியில் விட்டத்தைத் தாங்கும் போதிகைகளும் பாண்டி நாட்டுக் கோயில் மண்டபங்களில் நாம் கண்டு பழகியவை. ஆனால் கூர்ந்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். கோயில் தூணில் தெய்வமும் யாளியும் இடம்பெறும் சதுரங்களில் இங்கே மலரும் கொடியும் இலையும் இடம்பெற்றிருக்கின்றன. அச்சு மாறவில்லை; அதற்குள் நிறைந்த பொருள்தான் மாறியிருக்கிறது.

இப்பள்ளியை 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுப்பியவர் வள்ளல் சீதக்காதி என்பது மரபு. சேது நாட்டைக் கிழவன் சேதுபதி ஆண்ட காலம் அது. மன்னருக்கும் வள்ளலுக்கும் நெருங்கிய நட்பு இருந்தது. வள்ளல் பள்ளிவாசல் கட்டத் தொடங்கியபோது சிற்பிகளை அரபு நாட்டிலிருந்து வரவழைக்கத் தேவை எழவில்லை. இந்த மண்ணின் கல்தச்சு மரபே அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்த மரபை மாற்றாமல், அதற்குள்ளிருந்தே நம் மார்க்கத்திற்கு இசைந்ததைத் தேர்ந்துகொண்டார்கள். இதனை எளிய செயலென்று நாம் கருதிவிடக் கூடாது.

அந்தத் தேர்வுக்கு மார்க்க அடிப்படை உண்டு. உருவங்களைச் செய்து பிழைத்துவந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழில் குறித்து விளக்கம் கேட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையைக் கேட்ட அவருடைய முகம் வெளிறிப்போயிற்று. அவருடைய பிழைப்பை எண்ணிப் பார்த்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள். ஒரு வாயிலை அடைத்தபோதே மற்றொரு வாயிலைத் திறந்துவிட்ட தீர்ப்பு இது. அவ்வாயில் வழியே முஸ்லிம் உலகின் கலை முழுவதும் நடந்து வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஹிஜ்ரி 72இல், அதாவது கி.பி. 691–92இல், பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ரா கட்டப்பட்டபோது அதன் உட்சுவர்களில் மரங்களும் திராட்சைக் கொடிகளும் கண்ணாடித் துணுக்குகளால் பதிக்கப்பட்டன. மனித உருவம் ஒன்றுகூட அங்கில்லை. 715இல் நிறைவுற்ற டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலிலும் ஆறுகளும் மரங்களும் சுவர்களை அணிசெய்தன. இத்தகைய கொடி வேலைப்பாட்டுக்கு அரபியில் 'தவ்ரீக்' என்று பெயர். இலை என்று பொருள்படும் 'வரக்' என்ற சொல்லடியிலிருந்து பிறந்தது அது. 'இலை விடுதல்' என்று தமிழில் சொல்லலாம். கல் இலை விடுகிறது என்ற எண்ணமே எத்துணை அழகானது! நம் நாட்டிலும் ஜஹாங்கீர் 1620இல் காஷ்மீருக்குச் சென்றபோது, அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களைத் தீட்டியதாக மன்னரே எழுதிவைத்துள்ளார். தாஜ்மஹாலின் பளிங்கில் பதிந்த மலர்களும் அந்த மரபின் தொடர்ச்சியே.

இந்த நெடும் மரபு சேதுக்கரைக்கு வந்தபோது தமிழ் முகம் பெற்றது. இங்குள்ள சிற்பியின் கை டமாஸ்கஸின் திராட்சைக் கொடியையோ காஷ்மீரத்து மலரையோ நாடவில்லை. தாமரையையும், போதிகையின் முனையில் தொங்கும் பூமொட்டையும் அது முன்பே அறிந்திருந்தது. அடுத்த தலைமுறையில், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் சுவர்களில் மன்னரும் போர்க்களமும் புராணக் காட்சிகளும் வண்ணத்தில் தீட்டப்பட்டன. அதே நூற்றாண்டில் இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களோடு எழுந்தது. அரண்மனை, கோயில், பள்ளிவாசல் ஆகிய மூன்றும் ஒரே சேது நாட்டின் ஆதரவில் வளர்ந்தவை. உருவத்தில் அவை பிரிந்தன, பூவில் ஒன்றுபட்டன.

கல்லில் நடந்தது சொல்லிலும் நடந்தது. சீதக்காதியின் ஆதரவில் உமறுப் புலவர் பாடத் தொடங்கி, பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் துணையோடு வளர்ந்த சீறாப்புராணம் 5,027 விருத்தங்களைக் கொண்டது. அதன் முதற்பகுதியாகிய விலாதத்துக் காண்டத்திலுள்ள நாட்டுப் படலத்தைப் படித்தவர்கள் அறிவார்கள்: அங்கே மழை பொழிகிறது, மலையருவி ஆறாகிறது, வயல்கள் விளைகின்றன, பொய்கைகளில் தாமரை மலர்கிறது. புலவர் பாடுவதோ அரபு நாட்டை! இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் குடும்பத்தாரைக் குடியமர்த்தியபோது பயிர் விளையாப் பள்ளத்தாக்கு என்று இறைவனிடம் முறையிட்ட மண் அது. புலவர் இதை அறியாதவரா? திருநபியின் வரலாற்றை ஆலிம்களிடம் உரை கேட்டே அவர் பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. அறிந்தே அவர் மக்காவின் மணலில் தாமரையை நட்டார். தமிழ்க் காப்பிய மரபில் ஒரு நாடு சிறந்தது என்று சொல்ல அதைவிட மேலான வழி இல்லை.

இதில் நாம் சிந்திக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. புலவர் வாழ்ந்த எட்டயபுரம் கரிசல் பூமி. வள்ளலின் கீழக்கரை உப்புக் காற்று வீசும் மணல் பூமி. இரண்டுமே வானம் பார்த்த நிலங்கள். ஆண்டில் சில திங்களே கண்மாயில் நீர் நிற்கும். பூவுக்கு ஏங்கிய நிலத்து மக்கள்தாம் வாடாத பூவைக் கல்லிலும் கவிதையிலும் படைத்துவைத்தார்கள்.

மூன்றாவது ஊடகம் நம் வீடுகளிலேயே இருந்தது. இக்கரையில் தட்டின்றி வளர்வது பனை. அதன் ஓலை ஏடாகிப் புலவரின் விருத்தங்களைத் தாங்கியது. அதே ஓலை சாயத்தில் தோய்ந்து நம் தாய்மார்களின் கைகளில் பெட்டியாகவும் கொட்டானாகவும் ஆயிற்று. ஓலை வளைந்து கொடுத்தாலும் முடைவது குறுக்கும் நெடுக்குமாகத்தான். ஆகவே முடைபவர் பூவின் வளைவைக் கட்டங்களாக எண்ணிப் பிரித்துக்கொள்கிறார். எத்தனை இழையை மேலே எடுப்பது, எத்தனையைக் கீழே விடுவது என்ற கணக்கிலேயே இதழ் விரிகிறது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் லெப்பைக் குடும்பத்தினர் கோரையில் நெய்யும் பாயிலும் இவ்வாறே கணக்கு அழகாகிறது. ஏட்டில் பெயர் எழுதப்படாத கலைஞர்கள் இவர்கள்.

இவ்வளவையும் இங்கே நாம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இக்கரையின் ஓர் ஊரில் பழைய பள்ளிவாசலைக் காணச் சென்றோம். தூண்களின் மேல் பச்சை நிற எனாமல் பூச்சு தடித்துப் படிந்திருந்தது. இதழ்களின் விளிம்பை விரலால் தடவித்தான் உணர முடிந்தது. "இவை கோயில் சாயலில் இருக்கின்றன, எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம்" என்றார் நிர்வாகத்தைச் சேர்ந்த ஓர் அன்பர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தொழுவோர் பெருகும்போது இடத்தை விரிவாக்குவதும் கடமையே. ஆயினும் அவருடைய முதற்காரணத்தை நாம் ஏற்க இயலவில்லை.

கீழக்கரைப் பள்ளி எழுந்த காலத்தில் அவ்வூரில் வாழ்ந்தவர்கள் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள். 1703இல் மறைந்து அங்கேயே அடங்கியுள்ள அவர்களின் அரபுப் பாக்கள் இன்றும் ஓதப்படுகின்றன. அந்த மாமேதையின் தலைமுறை ஃபிக்ஹு அறியாத தலைமுறையா? எது விலக்கு, எது ஆகுமானது என்று நன்கறிந்து, உருவத்தை விலக்கி மலரை ஏற்றவர்கள் அவர்கள். அத்தூண்களில் இருப்பது கோயில் சாயலன்று. நம் முன்னோர் மார்க்கத்தையும் மண்ணையும் ஒருசேர மதித்து எடுத்த முடிவின் பதிவு. அதை உடைத்தால் கல்லோடு அந்த ஆதாரமும் போய்விடும். இந்த மண்ணில் நாம் வந்தேறிகள் அல்லர் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை எங்கே தேடுவோம்?

ஜமாஅத்தார்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. விரிவாக்கம் தேவையானால் பழைய மண்டபத்தை உள்ளே நிறுத்தி, அதைச் சுற்றிக் கட்டுங்கள். இடிக்காமல் முடியாதென்ற நிலை வந்தால், முதலில் ஒவ்வொரு தூணையும் அளந்து படமெடுத்துப் பதிவு செய்யுங்கள். தூண்களுக்கு எனாமல் பூசாதீர்கள். பூசியதை நீக்குமுன் கற்கட்டடம் அறிந்தவர்களைக் கலந்துகொள்ளுங்கள். ஓலைப் பெட்டி முடையத் தெரிந்த மூதாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பேத்தியை அவர் அருகில் உட்காரச் சொல்லுங்கள்.

நாம் அன்று அவ்வூரிலிருந்து திரும்பும்போது லுஹர் பாங்கு ஒலித்தது. பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த அம்மலர்களின் நடுவே நின்றே தொழுதோம். தலைமுறை தலைமுறையாக அங்கு ஸஜ்தா செய்தவர்களை எண்ணிக்கொண்டோம். அந்தப் பள்ளி இன்னும் இடிக்கப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.