செந்தேளும் தானியங்கு நரம்புகளும்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்திமார் கட்டைத் தூக்குமுன் அதைத் தட்டிப் பார்ப்பது நல்லது. அடியில் தேள் இருக்கலாம். பெரிய கருந்தேளைக் கண்டால் நாம் அலறுகிறோம். ஆனால் உயிருக்கு உலை வைப்பது சிறிய செந்தேளே! 1798இல் டென்மார்க்குப் பூச்சியியலறிஞர் பாப்ரீசியஸ் இதற்குச் சூட்டிய ‘தாமுலஸ்’ என்னும் பெயரில் தமிழ் ஒலிக்கிறது, பார்த்தீர்களா?

காலில் கொட்டிய தேள் இதயத்தை எப்படித் தாக்குகிறது? நம்மைக் கேளாமலே இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் வியர்வைச் சுரப்பிகளையும் நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். இதில் பரிவு நரம்புகள் இதயத்தை முடுக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் தணிக்கும். இக்கட்டளைகளை வேதிப்பொருள்களே கொண்டு செல்கின்றன என்பதை 1921இல் ஆட்டோ லோவி தவளையிடம் கண்டார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதிலிருந்த திரவத்தை மற்றோர் இதயத்தில் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது! தவளைக்கும் ஆட்டுக்கும் நமக்கும் இந்த ஏற்பாடு பொதுவானது.

செந்தேள் விஷம், நரம்பில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களைச் சரியாக மூடவிடாது. அணைக்க முடியாத சுவிட்சைப் போல நரம்பு ஓயாமல் கட்டளையிடுகிறது. முதலில் வியர்வையும் வாந்தியும். பிறகு இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால்கள் சில்லிடும். இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோக்கும்.

மகாராஷ்டிரத்தில் மகாட் அருகே பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1970களின் பிற்பகுதியில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், நோயாளிகளின் அருகிலேயே இருந்து இவற்றைக் குறித்து வைத்தார். 1982இல் ‘லான்செட்’ இதழ் அவற்றை வெளியிட்டது. இரத்தக் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தினால் என்ன? இரத்தக் கொதிப்புக்கு வழங்கிவந்த பிரசோசின் மாத்திரையை அவரும் மனைவி டாக்டர் பிரமோதினியும் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 1986இல் வெளிவந்தது. முன்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டோரில் 100க்கு 30 பேர் வரை மாண்டனர். அது 3 பேருக்கும் கீழே இறங்கியது. பிரசோசினுடன் தேள் விஷமுறிவு மருந்தும் சேர்த்தால் விரைவில் குணமாகும் என 2011இல் அவர்களே நிறுவினர்.

வாசகர்களே, வலியைக் கொண்டு விஷத்தை அளக்காதீர்கள். வலி குறைவாக இருந்தும் உடல் வியர்த்து, வாந்தி எடுத்து, கை சில்லிட்டால் அதுவே ஆபத்தின் அறிகுறி. மந்திரிப்பவரைத் தேடிக் கழிக்கும் ஒரு மணி நேரம் ஒரு குழந்தையின் உயிராக இருக்கலாம். நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.