தண்ணீரோடு வந்த கரி

பாகாயத்தில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் நிலக்கரி கிடைக்காது. வேலூரைச் சுற்றி நிற்கும் குன்றுகள் சுமார் 250 கோடி ஆண்டு பழமையானவை. அவை இறுகியபோது பூமியில் மரம் என்ற ஒன்றே தோன்றியிருக்கவில்லை. மரமே இல்லாத காலத்துப் பாறையில் கரி ஏது? சென்னை மாகாணம் அதனால் வடக்கையே நம்பியிருந்தது. 1870களில் வில்லியம் கிங் நிஜாம் சீமையில் கண்டறிந்த சிங்கரேணிக் கரி வந்தது; வங்காள, பிகார்க் கரி கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்தது. ரயிலும் பேசின் பிரிட்ஜ் மின்நிலையமும் அப்படி வந்த கரியில்தான் ஓடின. தெற்கே கரி கிடையாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலத்தில், தென்னாற்காட்டின் செம்மண் மட்டும் துப்புகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

முதல் துப்பு கல்லாகக் கிடந்தது. திருவக்கரையில் மரங்கள் பட்டையும் வளையமுமாகக் கல்லாகிக் கிடப்பதை 1781இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பதிவு செய்தார். அடுத்த துப்பு நூறு ஆண்டு கழித்து வந்தது. பிரெஞ்சுப் புதுச்சேரியின் பாகூர் பக்கம் ஊற்றுக்கிணற்றுக்குத் துளையிட்டபோது மண்ணுக்குள்ளிருந்து கரி வந்தது. இரண்டையும் தாங்கி நின்றது ஒரே வகைப் படிவம்: கடலூர் மணற்கல். மரம் ஓரிடத்தில் கல்லாகியிருந்தால் இன்னோரிடத்தில் கரியாகவும் ஆகியிருக்கலாமே? அந்தக் கேள்விக்கு விடை தேடி யாரும் பெரிதாகக் கிளம்பவில்லை. விடையே ஒருவர் வயலைத் தேடி வந்தது.

1930களின் நடுவில் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் பாசனத்துக்காகத் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கினார். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் அழுத்தத்தில் அடைபட்டிருந்தது. துளை எட்டியதும் தானாகவே பொங்கி வந்தது. அதோடு கருப்பாக ஏதோவொன்றும் வந்தது. சேறு என்று வாய்க்காலில் தள்ளிவிட்டிருக்கலாம். அவர் தள்ளவில்லை, அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் அந்த ஒரு செயலுக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்வேன். போர்க்காலத்தில், 1943 முதல் 1946 வரை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே துளைகள் போட்டது. தொடர்ந்து 1949 முதல் 1951 வரை மாகாண அரசுக்காகச் சுரங்கப் பொறியாளர் எச்.கே. கோஷ் வரிசையாகத் துளைத்துப் பார்த்தார். கீழே கிடந்தது துண்டு துணுக்கு அல்ல, மூழ்கிப்போன ஒரு காடு.

கடலோரச் சதுப்புகளில் வளர்ந்து சாய்ந்த மரங்கள் காற்றுப்படாத நீரில் அடுக்கடுக்காகக் குவிந்து, மேலே மணலும் களிமண்ணும் படிய, அழுந்திப் பழுப்பு நிலக்கரியாகியிருந்தன. வடக்கத்திக் கரிக்கு வயது 25 கோடி ஆண்டுக்கு மேல். இதற்குச் சில கோடிதான். இளங்கரி என்பதால் ஏறக்குறைய பாதி ஈரம், சூடும் குறைவு. ஆனால் அது பெரிய சிக்கல் அல்ல. கரியைக் காட்டிக்கொடுத்த அதே தண்ணீர் இப்போது குறுக்கே நின்றது. கரிப்படுகைக்கு அடியிலிருந்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 6 முதல் 8 கிலோ அளவுக்கு அது மேல்நோக்கி அழுத்தியது. மேலே உள்ள மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையே வெடித்து வெள்ளம் புகும். அத்தனை கரியையும் கண்ணால் பார்க்காமலே விட்டுவிட வேண்டியதுதானா?

தோண்டுவதற்கு முன்னாலேயே சுற்றிலும் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணிப்பதுதான் வழி. 1953இல் தொடங்கிய சோதனைச் சுரங்கத்தில் அது பலித்தது. பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் ஆய்ந்து திட்டம் வகுத்தது. காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்தது. அடுத்த மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். தண்ணீர் அடங்கியதும் பாறை முரண்டு பிடித்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர இயந்திரங்களின் பற்களைக் கடலூர் மணற்கல் தேய்த்துத் தள்ளியது. வெடிவைத்துத் தளர்த்திய பிறகே வாளிகள் மண்ணை அள்ளின. 1961 ஆகஸ்டில் கரி வெளிச்சத்துக்கு வந்தது. இந்த ஈரக்கரி கொதிகலனில் எரியுமா என்பதுதான் மிச்சம்.

எரிந்தது. சோவியத் உதவியோடு கட்டிய மின்நிலையத்தின் முதல் 50 மெகாவாட் யூனிட் 1962இல் ஓடியது. புகையில்லாத லெக்கோ கட்டிகள் வீட்டு அடுப்புகளுக்கு வந்தன. பாகாயம் மருத்துவக் கல்லூரியின் விளக்குக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் சுழலும் டிரம்முக்கும் மின்தொகுப்பு வழியே வந்துசேரும் மின்சாரத்தில் ஜம்புலிங்க முதலியார் கிணற்றடிக் கரியும் கலந்திருக்கிறது.

இதற்கு விலை கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்தார். முதலியார் அறுநூறு ஏக்கருக்கு மேல் அளித்தார் என்பார்கள். ஊரோடு பெயர்ந்த சிறு விவசாயிகளின் பெயர்களை யாரும் சொல்வதில்லை. தானாகப் பொங்கிய ஊற்றுகள் அடங்கின, கிணறுகளின் மட்டம் இறங்கியது. இழப்பீடும் வேலையும் போதவில்லை என்ற அவர்களின் குரல் நியாயமானது.

துளையிடுவோர் பின்னர் தெற்கே நகர்ந்து, மன்னார்குடிக்கு அடியில் இன்னும் பெரிய, இன்னும் ஆழமான படிவத்தைக் கண்டார்கள். ஆனால் மேலே இருந்தது நெய்வேலிப் பக்கத்தைப் போல முந்திரிக்காடு அல்ல, காவிரியின் நெல்வயல். 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. 2023இல் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்குப் பகுதி என மூன்று இடங்கள் இடம்பெற்றன. விவசாயிகள் கொதித்தெழ, தமிழக அரசும் எதிர்க்க, சில நாட்களிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.