முதல் டாக்டரும் அழிந்த டேப்பும்

போன மாசம் ஆபீஸில் ஸ்டோரேஜ் செலவைக் குறைக்கும் வேலை. ஐந்து வருஷமாக யாரும் திறக்காத ஃபைல்களைப் பட்டியல் எடுத்து, "தேவையில்லை" என்று டிக் போட்டவன் நான்தான். இரண்டு வாரம் கழித்து அதில் ஒன்று வேண்டும்னு போன் வந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் எதையோ படிக்கப் போய், வில்லியம் ஹார்ட்னெல் கதைக்குள் விழுந்தேன். இரண்டு வாரமாக வெளியே வர முடியவில்லை.

பெயர் புதுசாக இருக்கலாம். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால இயந்திரத்தில் ஊர் சுற்றும் வேற்றுக்கிரகத்துக்காரர் கதை. அதில் முதல் டாக்டர் இவர்தான்.

1908 ஜனவரி 8, லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் பகுதியில் பிறந்தார். அம்மா கல்யாணம் ஆகாதவர். அப்பா யார் என்பது கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. பிரபலமான பிறகு தன் பிறப்பைப் பற்றிப் பத்திரிகைகளிடம் கதை கட்டித்தான் சொன்னார். பேத்தி ஜெசிகா கார்னி 1996-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பிறகுதான் உண்மை பரவலாகத் தெரிந்தது. சிறு வயதில் இவரைக் கைதூக்கிவிட்டவர் ஹ்யூ பிளேக்கர் என்ற ஓவியச் சேகரிப்பாளர். ('ஐஸல்வொர்த் மோனாலிசா' என்று இன்றும் சர்ச்சையில் இருக்கும் ஓவியத்தை வாங்கினாரே, அதே பிளேக்கர். அதற்குத் தனிப் பதிவே போடலாம்.)

சினிமாவில் அவருக்கு ஒரே முத்திரை: விறைப்பான ராணுவ சார்ஜென்ட், இல்லாவிட்டால் ரவுடி. 1958-ல் வந்த 'கேரி ஆன் சார்ஜென்ட்' படத்தின் சார்ஜென்டே இவர்தான். 'தி ஆர்மி கேம்' என்ற டிவி தொடரிலும் அதே மிரட்டல். அலுத்துப்போயிருந்தவருக்கு 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்' (1963) படத்தில் ஒரு ரக்பி கிழவர் வேஷம் கிடைத்தது. சின்ன வேஷம்தான். ஆனால் அது வெரிட்டி லாம்பர்ட் கண்ணில் பட்டது.

லாம்பர்ட், பிபிசி நாடகப் பிரிவில் அப்போதைய இளம் பெண் தயாரிப்பாளர். முதல் கதையின் இயக்குநர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர். இந்த இரண்டு இளைஞர்களும் சேர்ந்து, 55 வயசு ஹார்ட்னெலைச் சம்மதிக்க வைத்தார்கள். சக நடிகர்கள் சிலர் பின்னாளில் சொன்னதையும் மறைக்கக்கூடாது: மனுஷர் முசுடு, இன வேற்றுமை பார்ப்பவர். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு பெண்ணும் ஒரு இந்தியரும்!

முதல் எபிசோட் 1963 நவம்பர் 23-ல் ஒளிபரப்பானது. கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். யார் பார்ப்பார்கள்? அடுத்த வாரம் அதையே மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். டிசம்பரில் டாலெக் என்ற வில்லன்கள் வந்ததும் தொடர் பிய்த்துக்கொண்டு போனது. தெருவில் குழந்தைகள் ஹார்ட்னெலைச் சூழ்ந்துகொண்டார்கள். அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வேலைதான் ஆளை அடித்தது. வாரம் ஒரு எபிசோட், வருஷத்தில் பெரும்பாலான வாரங்கள். டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு என்பதால் கிட்டத்தட்ட நேரடி நாடகம் மாதிரிதான் பதிவு. வசனம் தடுமாறினால் தடுமாறியதுதான், அப்படியே ஒளிபரப்பாகும். ரத்தக்குழாய்கள் தடித்துப்போகும் நோய் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. போகப் போக வசனம் மறந்தது, எரிச்சல் கூடியது. 1966-ல் விலக வேண்டிய நிலை.

நாயகன் போனால் தொடரை மூடுவதுதான் வழக்கம். இங்கே அப்படிச் செய்யவில்லை. டாக்டர் வேற்றுக்கிரகத்துக்காரர்தானே, உடம்பு தேய்ந்தால் புது உடம்பு எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு பண்ணினார்கள். ஹார்ட்னெல் தரையில் விழுந்தார், முகம் மங்கி பேட்ரிக் ட்ரௌட்டன் முகமாக மாறியது. அறுபது வருஷமாக அந்தத் தொடர் ஆள் மாற்றி ஆள் மாற்றி ஓடுவது இந்த ஒரு ஐடியாவில்தான். ஒரு கிழவரின் உடம்பு ஒத்துழைக்காததால் பிறந்த ஐடியா.

இப்போது என் டிக் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாற்றம் நடந்த எபிசோட், 'தி டென்த் பிளானட்' கதையின் நாலாவது பாகம், 1966 அக்டோபர் 29-ல் ஒளிபரப்பானது. இன்றைக்கு அது பிபிசியிடம் இல்லை.

யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. இரண்டு அங்குல வீடியோ டேப் விலை அதிகம், அழித்து மறுபடி பதியலாம். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருந்தது. கலர் வந்த பிறகு கறுப்பு வெள்ளையை யார் கேட்பார்கள்? வீட்டில் போட்டுப் பார்க்க வீடியோவும் கிடையாது. அன்றைய கணக்கில் அழிப்பது சரிதான். வெளிநாட்டு விற்பனைக்கு எடுத்த ஃபிலிம் பிரதிகளும் பிறகு குப்பைக்குப் போயின. 1978 வாக்கில்தான் இது நின்றது. 1960-களில் வந்த 253 எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேல் காணாமல் போயிருந்தன. ஹுசைன் இயக்கிய 'மார்கோ போலோ' கதையில் ஒரு எபிசோட்கூட மிச்சமில்லை.

மிச்சமிருப்பது யாரால்? 2004-ல் ஒரு எபிசோடைத் திருப்பிக் கொடுத்தவர் முன்னாள் பிபிசி என்ஜினியர். முகம் மாறும் அந்தச் சில நொடிகள் பிழைத்தது, 'ப்ளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் அதைப் போட்டுக் காட்டியதால். இதைவிட ஆச்சரியம், காணாமல் போன எல்லா எபிசோடுகளின் ஒலியும் இருக்கிறது. டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்களின் உபயம்.

பத்தாவது ஆண்டுக்காக 'தி த்ரீ டாக்டர்ஸ்' எடுத்தபோது ஹார்ட்னெலைக் கூப்பிட்டார்கள். சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். உடம்பு எவ்வளவு மோசம் என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அவர் ஒரு திரைக்குள் மட்டும் தெரிகிற மாதிரி கதையை மாற்றினார்கள். உட்கார்ந்தபடி, எழுதிக் காட்டிய அட்டைகளைப் பார்த்து வசனம் பேசினார். 1972 கடைசியிலும் 1973 தொடக்கத்திலும் ஒளிபரப்பான அதுதான் அவருடைய கடைசி நடிப்பு. கலரில், பத்திரமாக இருக்கிறது. 1975 ஏப்ரல் 23-ல், 67 வயதில் இறந்தார்.

அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். கண் கொஞ்சம் பக்கவாட்டில் போகிறது, அட்டையைத் தேடி. ஆனால் குரலில் அதே மிடுக்கு.

நான் அழித்த ஃபைல் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் பட்டியலில் டிக் போடுவதற்கு முன்னால், அதை உருவாக்கியவர் யார் என்று தேடி, ஒரு போன் போட்டுவிடுகிறேன். பாதிப் பேர் வேலையை விட்டே போயிருக்கிறார்கள். இருந்தாலும் எடுத்துப் பேசுகிறார்கள்.